குதிரை கட்டி இழுக்க வேண்டிய மீனைத் தூண்டிலில் பிடித்த பெண்!
1922 அக்டோபர். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துக் கடை வாசலில் ஒரே கூட்டம். கண்ணாடிக்குள் ராட்சத சால்மன் மீன். எடை 64 பவுண்டு, கிலோவில் 29. இதைப் பிடித்தது ஒரு பொம்பளை என்பது சுத்தப் பொய், குதிரை கட்டித்தான் இழுக்கணும் என்று அடித்துச் சொன்னார் ஒரு கிழவர். பிடித்த பெண்ணே பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்!

அவர் பெயர் ஜார்ஜினா பாலன்டைன். அக்டோபர் 7-ந் தேதி மாலை டே ஆற்றில் அப்பாவோடு படகில் போனபோது மீன் மாட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுபறி. இருட்டிய பிறகே படகில் ஏற்ற முடிந்தது. கடைசியில் மீன் போனது பெர்த் ஆஸ்பத்திரி நோயாளிகளின் தட்டுக்கு. பிரிட்டனில் தூண்டிலில் சிக்கிய சால்மன்களில் இதை மிஞ்சியது இன்றுவரை இல்லை.

ஆனால் மீன்வரத்துதான் படுத்துவிட்டது. 1952 முதல் கணக்கு எடுக்கிறார்கள். 2023-ல் ஸ்காட்லாந்தில் தூண்டிலுக்குச் சிக்கியது அதுவரை இல்லாத அளவுக்குக் குறைவு. இப்போது பத்துக்கு ஒன்பது மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்கள். தண்ணீர் சூடாகாமலிருக்க ஓடைக்கரைகளில் மரம் நடுகிறார்கள். கை வலிக்கிற வேலை. இதை ஆம்பளைகள் தலையில் மட்டும் கட்டினால் எப்படி?

தினம் தூண்டிலோடு போகிறவருக்குத்தான் ஓடை வற்றுவது முதலில் கண்ணில் படும். பெண்களுக்கென்றே தூண்டில் வகுப்புகள் அங்கே நடக்கின்றன. முதல் பாடம் புல்தரையில். முள் இல்லாத நூலை வீசிப் பழகணும்.