ஒரு கட்டி... ரெண்டு வேஷம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போயிருக்கீங்களா? உருக்காலைச் சூடு, நைட் ஷிப்ட், லோக்கல் ட்ரெயின் கூட்டம்... தலைவலி வராம இருந்தாத்தான் ஆச்சரியம்! ஒரு மாத்திரை, ஸ்ட்ராங்கா ஒரு டீ. மேட்டர் ஓவர். பெரும்பாலும் அது வெறும் தலைவலிதான், பயப்படாதீங்க. ஆனா, அந்த 'பெரும்பாலும்'ல அடங்காத ஒரு வில்லன் இருக்கான். பேரு, க்ளையோசார்கோமா.

மெட்டீரியல் சயின்ஸ்ல 'காம்போசிட்' படிச்சிருப்பீங்களே? கிட்டத்தட்ட அதேதான். நரம்பு செல்களுக்குத் துணையா இருக்குற க்ளையல் செல்களின் புற்றுநோய் ஒரு பக்கம். தசை, எலும்பு மாதிரி திசுக்களில் வர்ற சார்கோமா இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே கட்டிக்குள்ள! 1895-லேயே ஸ்ட்ரோபே என்பவர் இதை விவரிச்சுட்டார். ரெண்டு தனித்தனிக் கட்டிகள் ஒட்டிக்கிட்டதாத்தான் ரொம்ப நாள் நினைச்சாங்க. மரபணுவைச் சோதிச்சா, ரெண்டு பகுதியிலும் ஒரே மாற்றங்கள். ஒரே செல் போட்ட ரெட்டை வேஷம்!

மூளைப் புற்றிலேயே மோசமான க்ளையோபிளாஸ்டோமா வகையில் 100-க்கு சுமார் 2 தான் இது. பெரும்பாலும் 40-60 வயசுக்காரங்களுக்கு வரும். அதாவது, நம்ம அப்பா, அம்மா வயசு. 'ஃபேக்டரி புகையால வந்துச்சு'ன்னு சொல்ல ஆதாரம் இல்லை. உறுதியா தெரிஞ்ச புறக்காரணம், தலையில் பட்ட அயனியாக்கும் கதிர்வீச்சுதான்.

அவசரமா வளர்ற கட்டி, அவசரமா ரத்தக்குழாய்களைக் கட்டும். மட்டமான பைப் லைன் மாதிரி அது உடைஞ்சா, கட்டிக்குள்ளேயே ரத்தக்கசிவு. திடீர்னு பயங்கரத் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் விழுறதுன்னு பக்கவாதம் மாதிரியே தெரியும். ரத்தம் உறைவதைத் தடுக்குற ஆஸ்பிரினை வாரக்கணக்கில் நாமளே வாங்கிப் போடக் கூடாதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போ உஷாராகணும்? காலையில எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி, நாளுக்கு நாள் அதிகமாவது, பேச்சுல தடுமாற்றம், முதல்முறையா வலிப்பு. வலிப்பு வந்தா நம்ம ஊர்ல உடனே கையில சாவிக்கொத்து திணிப்பாங்க. பிரயோஜனமே இல்லை பாஸ்! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க. முதல் வலிப்புன்னாலோ, அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ 108.

திருவள்ளூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. கும்மிடிப்பூண்டி ட்ரெயின் போய் நிக்கிற சென்ட்ரலுக்கு எதிர்லயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கின இடம். முதல்வரின் காப்பீட்டு அட்டை வீட்ல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

ஆபரேஷன், ரேடியேஷன், டெமோசோலமைட் மாத்திரை. இதுதான் சிகிச்சை. பொய் நம்பிக்கை வேணாம். 2005-ல் வெளியான க்ளையோபிளாஸ்டோமா ஆய்வில், அந்த மாத்திரையைச் சேர்த்ததால் சராசரி ஆயுள் 12.1 மாசத்துல இருந்து 14.6 மாசமா கூடுச்சு. இவ்வளவுதானான்னு கேக்குறீங்களா? ரெண்டரை மாசத்துல ஒரு செமஸ்டரே பாதி முடிஞ்சுடும். ஒரு அப்பா தன் பையனோட கான்வகேஷனைப் பார்க்க அது போதும். ரத்தம் கசியறதுக்கு முன்னாடியே ஸ்கேன் எடுத்தா, பதறாம திட்டம் போட்டு ஆபரேஷன் பண்ணலாம்.

அதனால, 'ஷிப்ட் டயர்டுடா'ன்னு தினமும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ற அப்பாவுக்கு மாத்திரை வாங்கித் தராதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!