உதவி செய்யவும் படிக்க வேண்டும்

பட்டப்படிப்பு முடிவுகள் வரும் மே, ஜூன் மாதங்களில் எனக்கு நிறைய அழைப்புகள் வரும். "அக்கா, எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா?" என்று கேட்பார்கள். ஒருவர் பி.காம். முடித்திருப்பார், இன்னொருவர் தாவரவியல், மற்றொருவர் தமிழ் இலக்கியம். பின்னாலிருந்து அப்பாவோ மாமாவோ குரல் கொடுப்பது எனக்கும் கேட்கும்: "நாலு பேருக்கு நல்லது செய்யறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷப் படிப்பு?"

எனக்குச் சொந்த ஊர் போடி. கணிதத்தில் இளங்கலை முடித்துவிட்டு, மதுரையில் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படித்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளராக இருக்கிறேன். கல்லூரிகளிலிருந்து களப்பணிக்கு வரும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் என் பொறுப்பு. மாமாவின் கேள்வி நியாயமானது. ஆகவே அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இரக்கம் உள்ளவர் ஓடி வந்து உதவுவார். அந்த அவசரத்தில், கஷ்டப்படுகிறவர் எடுக்க வேண்டிய முடிவையும் சேர்த்து எடுத்துவிடுவார். யாரிடம் சொல்லலாம், எங்கே போகலாம், எதை விடலாம் என்பதையெல்லாம் உதவுகிறவரே தீர்மானித்துவிட்டால், வாங்கிக்கொள்கிறவருக்கு அன்றைய கஷ்டம் தீரலாம். ஆனால் அவருடைய கையில் இருந்த கொஞ்சம் பலமும் போய்விடும். ஒருவரின் வாழ்க்கையை அவர் கையிலேயே விட்டுவிட்டு உதவுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. அந்தப் பயிற்சிதான்.

மும்பையிலிருந்து சென்னைக்கு

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936இல் மும்பையில் தொடங்கியது. நாக்பாடா பகுதியின் நெருக்கடியான குடியிருப்புகளில் வேலை செய்துவந்த அமெரிக்கரான கிளிஃபோர்ட் மான்ஷார்ட், டாட்டா அறக்கட்டளையின் துணையோடு அந்தக் கல்விக்கூடத்தை ஏற்படுத்தினார். இன்று 'டிஸ்' என்று எல்லோரும் சொல்லும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் உருவானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகப் பெண் தன்னார்வலர்களைத் திரட்டி நடத்தியவர் அவர். தன்னார்வலர்களை அத்தனை அருகிலிருந்து பார்த்தவரே முறையான பயிற்சிக்கு ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று நினைத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தொழிற்சாலைகளும் இந்தப் படிப்பை வளர்த்தன. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதனால்தான் இன்றும் பல கல்லூரிகளில் சமூகப்பணித் துறைக்குள்ளேயே மனிதவள மேலாண்மை ஒரு சிறப்புப் பிரிவாக இருக்கிறது. ஓசூர், ஒரகடம், திருப்பூர் என்று வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவை எடுப்பார்கள். மருத்துவம் மற்றும் மனநலம், சமுதாய வளர்ச்சி ஆகியவை மற்ற முக்கியப் பிரிவுகள்.

வகுப்பறைக்கு வெளியே

எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலான கல்லூரிகளில் இதில் சேரலாம். நான்கு பருவம், இரண்டு வருடம். உளவியல், சமூகவியல், ஆய்வு முறைகள், சமூகச் சட்டங்கள் என்று பாடங்கள் இருக்கின்றன. ஆனால் படிப்பின் உயிர் களப்பணியில்தான். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் மாணவர் ஒரு மருத்துவமனைக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ, ஊராட்சிக்கோ போக வேண்டும். அன்று யாரைப் பார்த்தோம், அவர் என்ன சொன்னார், நாம் என்ன கேட்டோம், ஏன் அப்படிக் கேட்டோம் என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேராசிரியர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மாணவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்.

இந்த எழுத்து வேலையைப் பார்த்துப் பல மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். காசநோய்ப் பிரிவில் வைத்து அவர்களுக்கு அதன் அருமையை நான் காட்டுவதுண்டு. சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். ஒரு சுமைத் தொழிலாளி இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிடுகிறார். பதிவேட்டில் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று ஒரு வரி ஏறும். அறிவுரை சொல்ல வருகிறவர், "ஏன்யா மாத்திரை சாப்பிடலை?" என்று அதட்டிவிட்டுப் போவார். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்பார். கேட்டால் காரணங்கள் வெளியே வரும். இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். மாத்திரை போட்டால் குமட்டுகிறது. குமட்டலோடு மூட்டை தூக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது: வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், இந்த நேரத்தில் சுகாதாரப் பணியாளர் வாசலில் வந்து நின்றால் தெரு என்ன பேசும்?

இப்போது செய்ய வேண்டியவை தெளிவாகிவிடுகின்றன. குமட்டலைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். காசநோயாளிகளின் உணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாக இருந்தது; 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அது அவர் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்கலாம். மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வேறிடத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். வீட்டில் யாருக்குச் சொல்வது என்பதை மட்டும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லாமல் இருப்பதால் வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்தையும், அவர்களுக்குப் பரிசோதனை ஏன் வேண்டும் என்பதையும் புரியும்படி அவருக்கு விளக்குவது நம் கடமை. அதை மறைத்துவிட்டு அவர் விருப்பத்தை மதித்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அமெரிக்கப் பாதிரியாரும் பேராசிரியருமான ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வெளியிட்ட நூலில் சமூகப்பணியாளருக்கும் உதவி பெறுகிறவருக்கும் இடையிலான உறவுக்கு ஏழு நெறிகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் ஏற்பது, ரகசியம் காப்பது, அவர் முடிவை அவரே எடுக்கவிடுவது ஆகியவை அவற்றில் அடங்கும். தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். குடித்துவிட்டு மனைவியை அடித்தவர் எதிரில் வந்து உட்காரும்போது தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்பதைக் களம்தான் காட்டும். நெறிகளுக்கு எல்லையும் உண்டு. ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் ரகசியம் என்று காத்துக்கொண்டிருக்க முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

கிராம முகாமும் பாடத்திட்டத்தில் உண்டு. அங்கே மாணவர்கள் ஊர் மக்களைத் தெருவில் உட்காரவைத்து, கோலமாவால் ஊரின் வரைபடத்தை அவர்களையே போடச் சொல்வார்கள். குழாய் எங்கே, ரேஷன் கடை எங்கே, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பெண்கள் வரைவார்கள். குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்பது அந்தக் கோலத்தில் தெரியும்போது சாதியைப் பற்றித் தனி வகுப்பு தேவைப்படாது.

வேலையும் சம்பளமும்

இதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையம், உறுப்பு மாற்றுச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் திட்டங்கள் என்று வேலைகள் இருக்கின்றன. ஆனால் பல பணியிடங்கள் ஒப்பந்த முறையில்தான் நிரப்பப்படுகின்றன. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. 'சேவைதானே' என்று சொல்லி ஊதியத்தைக் குறைப்பது அநியாயம். நோயாளியின் வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கும் வீட்டு வாடகை உண்டு.

மனநலத் துறையில் முழுத் தகுதி பெற இன்னும் படிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முதுகலையோடு அத்துறையில் எம்.ஃபில். பட்டத்தையும் கேட்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் அந்தப் பயிற்சிக்குப் பேர்போன இடம். கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் நெட் அல்லது செட் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

சேரும் முன் விசாரியுங்கள்

அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று முதலில் கேளுங்கள். ஒரே கல்லூரியிலேயே இரண்டுக்கும் கட்டணம் வெகுவாக மாறும். நீங்கள் விரும்பும் சிறப்புப் பிரிவு அங்கே உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாம் வருட மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்துப் பேசுங்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே வழிகாட்ட ஒரு சமூகப்பணியாளர் இருக்கிறாரா, எழுதிக் கொடுக்கும் அறிக்கையை யாராவது படித்துத் திருப்பித் தருகிறார்களா என்று கேளுங்கள். கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட அந்தப் பதில்களை நம்புங்கள். அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்து மட்டும் போடும் கல்லூரியில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சேர வேண்டாம். நாளைக்கு உங்கள் எதிரில் வந்து உட்காரப்போகிறவர், நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல உரிமை உள்ளவர்.