ஒரு முழப் பந்தயக் கார்

பந்தயக் கார் வளைவில் சறுக்கிச் சுழலாமல் இருக்க என்ன செய்யலாம்? "எடையைக் கூட்டினால் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும்" என்று பலரும் சொல்வார்கள். இந்த விடை சரிதானா? உண்மையான பந்தயக் காரை வைத்துச் சோதிக்க நம்மால் இயலாது. ஆனால் ஏறத்தாழ ஒரு முழ நீளமே உள்ள, வானொலி அலையால் இயங்கும் கார் ஒன்றை நாமே பூட்டி ஓட்டினால் விடை கிடைத்துவிடும்.

இத்தகைய கார்கள் தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வருகின்றன. ஜப்பானில் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம், போர்ஷே 934 என்ற காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வானொலிக் கட்டுப்பாட்டுடன் 1976-இல் வெளியிட்டது. அதே நிறுவனத்தின் டிடி-02 என்ற வகை, புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது. இது பத்தில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரங்களும் மோட்டாரால் சுழல்பவை. இதையே நாமும் எடுத்துக்கொள்வோம்.

பூட்டும் முறை

கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு செல்ல வேண்டும். ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்யும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். நம் காரில் முன்னும் பின்னும் ஒவ்வொன்று உண்டு. நான் முதன்முதலில் பூட்டியபோது பின்புறத் தொகுதியை இடம் வலமாக மாற்றி வைத்துவிட்டேன். விசையை அழுத்தியதும் முன்சக்கரங்கள் முன்னோக்கியும் பின்சக்கரங்கள் பின்னோக்கியும் சுழன்றன! பாதிக் காரைப் பிரித்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. வரைபடத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

திருகுகள் பிளாஸ்டிக்கைத் தாமே அறுத்துக்கொண்டு இறங்குபவை. முறுக்கு இறுகியதும் நிறுத்திவிடுங்கள். மேலும் முறுக்கினால் புரி அழிந்துவிடும்.

அடுத்தது முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ. உங்கள் கையிலுள்ள அலைபரப்பி, நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிரும் வானொலி அலையில் கட்டளையை அனுப்புகிறது. காரிலுள்ள ஏற்பி அதை மின்துடிப்புகளாக மாற்றிச் சர்வோவுக்குத் தருகிறது. ஒவ்வொரு துடிப்பும் 1.5 மில்லி நொடி நீடித்தால் சர்வோ நடுநிலையில் நிற்கும். துடிப்பின் நேரம் குறைந்தால் ஒரு பக்கமும் கூடினால் மறுபக்கமும் திரும்பும். ஆகவே முதலில் மின்சாரம் கொடுத்துச் சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பிறகே அதன் கையைப் பொருத்த வேண்டும். இல்லையேல் கார் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

வேகம் எவ்வளவு?

மோட்டார் நிமிடத்திற்கு 15,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். பல்சக்கரங்கள் இதை 8.27-இல் ஒரு பங்காகக் குறைக்கின்றன. எனவே சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,814 முறை சுழலும். சக்கரத்தின் விட்டம் 64 மி.மீ. என்றால் சுற்றளவு 20 செ.மீ. ஆகக் காரின் வேகம் நொடிக்கு 6 மீட்டர், அதாவது மணிக்கு 22 கி.மீ. அளவு.

இதே வேகத்தில் 2 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப முடியுமா? மையநோக்கு முடுக்கம் வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுக்கக் கிடைப்பது. 36-ஐ 2-ஆல் வகுத்தால் 18. புவியீர்ப்பு முடுக்கமோ 9.8 மட்டுமே. உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 4.4 மீட்டருக்கு மேல் சென்றால் கார் சறுக்கியே தீரும்.

எடையைக் கூட்டினால்? உராய்வு விசை கூடும். ஆனால் திரும்புவதற்குத் தேவையான விசையும் அதே விகிதத்தில் கூடும். சமன்பாட்டில் நிறை இரு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது! எனவே எடை உதவாது. உண்மையில் அது சிறிது கெடுதலே செய்யும். ஏனெனில் ரப்பர் டயரின் மீது சுமையை இருமடங்காக்கினால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடுகிறது.

சுருள்வில்லின் வேலை

காரைச் சீரமைக்கும் கலை முழுவதும் இந்தக் கடைசி உண்மையில்தான் அடங்கியிருக்கிறது. வளைவில் சுமை உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்திற்கு மாறுகிறது. உள்சக்கரம் இழக்கும் பிடிப்பை வெளிச்சக்கரத்தால் முழுவதும் ஈடுசெய்ய முடியாது. எந்த அச்சில் சுருள்வில் விறைப்பாக இருக்கிறதோ அந்த அச்சில் சுமைமாற்றம் மிகுதி. அங்கே பிடிப்பு குறையும். முன்வில் விறைப்பானால் கார் திரும்ப மறுத்து வெளியே ஓடும். பின்வில் விறைப்பானால் வால் வீசிச் சுழலும். சுழலும் காருக்கு மருந்து என்ன என்று இப்போது நீங்களே சொல்லலாம்: மென்மையான பின்வில்!

ஒருமுறை என் கார் ஓயாமல் சுழன்றது. பொறுமையிழந்து வில், டயர், சக்கரக் கோணம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். கார் ஒழுங்காக ஓடியது. அடுத்த வாரம் வேறு தரையில் மறுபடியும் சுழன்றது. முதலில் எது அதைக் குணப்படுத்தியது என்று தெரியாததால், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சோதிக்க வேண்டியதாயிற்று. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நான் நாள்தோறும் சொல்லும் விதியை நானே மறந்திருந்தேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, முடிவை எழுதி வை.

ஓர் எச்சரிக்கை. லித்தியம் பாலிமர் பாட்டரியைப் பயன்படுத்தினால், அதற்கென உள்ள மின்னேற்றியால் மட்டுமே மின்னேற்றுங்கள். ஒரு கலத்திற்கு 4.2 வோல்ட்டே எல்லை, மீறினால் தீப்பற்றலாம். மின்னேற்றும்போது அருகிலேயே இருங்கள். உப்பிய பாட்டரியை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. ஓட்டத் தொடங்கும்போது அலைபரப்பியை முதலிலும் காரைப் பிறகும் இயக்குங்கள். முடிக்கும்போது காரை முதலில் நிறுத்துங்கள். கட்டளையின்றிக் கார் தானாகப் பாயாமலிருக்க இது உதவும்.

காருடன் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். தேதி, தரை, செய்த மாற்றம், ஒரு சுற்றுக்கு ஆன நேரம் ஆகியவற்றை வரிசையாகக் குறித்து வாருங்கள். பத்துப் பக்கம் நிரம்புவதற்குள் உங்கள் கார் வளைவில் நிற்கும். அது ஏன் நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.