கதிரியக்க விதைகளும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்

விதை என்பது முளைத்தற்பொருட்டு இடப்படுவது. முளையாது தேய்ந்தொழியும்பொருட்டே மனித உடலினுள் இடப்படும் விதையொன்றும் உண்டு. அயடீன் 125 என்னும் கதிரியக்கச் சமதானியைத் தைத்தானிய உறையுள் அடைத்துச் செய்யும் அவ்விதை, ஏறத்தாழ 4.5 மில்லிமீற்றர் நீளமும் 0.8 மில்லிமீற்றர் விட்டமும் உடையது, அரிசிமணியினும் சிறிது.

நோயுள்ள இடத்திலேயே கதிர்மூலத்தை வைக்கும் முறை புதிதன்று. கியூரி தம்பதியர் 1898 இல் இரேடியத்தைக் கண்டனர். 1903 இலேயே மார்கரெட் கிளீவ்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் அதனைக் கருப்பைக் கழுத்துப் புற்றுக்குப் பயன்படுத்தினார். ஆயின் இரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டு. வைத்ததை எடுத்தே ஆகவேண்டும். அயடீன் 125 இன் அரைவாழ்வுக்காலமோ 59.4 நாள். பத்து அரைவாழ்வுகள், அஃதாவது ஏறக்குறைய இருபது மாதங்கள் கழிய, கதிரியக்கத்தில் ஆயிரத்திலொரு பங்கே எஞ்சும். ஆதலின் விதையை உடலிலேயே விட்டுவிடலாம்.

மீண்டெழுந்த நோய்க்கு இதனை நாடுவதேன்? முதற் சிகிச்சையின்போதே அயலிலுள்ள சிறுநீர்ப்பையும் நேர்குடலும் தாங்கத்தக்க கதிரிற் பெரும்பங்கை ஏற்றுவிடுகின்றன. இடுப்பறையின் சுவரோரம் நோய் திரும்புமாயின் அறுவையும் பெரும்பாலும் இயலாது. அந்நிலையில், ஊடுகதிர்க் கணினிப் படத்தின் துணைகொண்டு, ஊசிவழியே விதைகளைக் கட்டியினுள் ஒவ்வொன்றாகப் பதிப்பர். இதன் கதிர் வலுக்குறைந்தது. அயலிழையத்தில் விரைவில் அடங்கிவிடும். சீனத்தில் இம்முறை பெரிதும் கையாளப்படுகின்றது. இந்தியாவில் பாபா அணுவாராய்ச்சி நிலையம் செய்த இத்தகைய விதைகள் சென்னைச் சங்கர நேத்திராலயத்தில் கண் புற்றுக்குப் பயன்பட்டுள்ளன. இதனை அற்புதமெனக் கூறுதல் தகாது. சிலருக்குக் கட்டி சுருங்கும், வலி தணியும். சிலருக்குப் புரையோடிய வழி தோன்றலாம். விதை இடம்பெயர்தலுங் கூடும்.

விதை பெற்றவர் முதற் சில மாதங்கள் குழந்தைகளை நெடுநேரம் மடியிலிருத்தலையும் கர்ப்பிணிகளை நெருங்கியிருத்தலையும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுவர். அவ்வளவே. வெளியிலிருந்து கதிர்பாய்ச்சும் சிகிச்சையிலோ உடலிற் கதிரியக்கம் சிறிதும் தங்குவதில்லை. இதனையறியாது, எம் உறவில் ஒரு மூதாட்டி அச்சிகிச்சை முடித்து வந்தபோது, அவர் உண்ணுங் கோப்பையும் நீரருந்துஞ் செம்பும் வேறாக்கப்பட்டன. பேரப்பிள்ளைகள் அவரறைக்குட் செல்லவிடப்படவில்லை. நோயினும் அதுவே அவரை மிக வருத்தியது என்பேன்.

தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையொன்று எழுவதற்காக, 2011 இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் கால்நடையாக நடந்து நிதி திரட்டினர். இந்நோயைப் பெரும்பாலும் விளைவிக்கும் வைரசுக்கெதிரான தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாந்தர மாணவியர்க்கு ஏற்றப்படுகின்றது. முப்பத்தைந்து வயதான பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கிற் பரிசோதனை செய்துகொள்ளலாம், கட்டணமில்லை. அம்மூதாட்டியின் காலத்தில் இவையெவையும் இருக்கவில்லை. குருதிக் கசிவைப் பல மாதங்கள் மகளுக்குங்கூட உரையாது மறைத்திருந்தார்.