கேபிளும் டிஷ்ஷும்: வாடகைக் குடியிருப்பாளரின் உரிமை பற்றி

கேபிளா செய்மதியா என்ற கேள்வியைப் படத்தின் தெளிவையும் மாதக் கட்டணத்தையும் வைத்தே நம்மவர் பேசுகிறார்கள். ஜேர்மனியில் வாடகைக்கு இருப்பவருக்கு இது முதலில் ஒரு சட்டப் பிரச்சினை. எந்தக் கேபிள் என்பதை வீட்டுச் சொந்தக்காரரும், அதில் எந்த அலைவரிசை வரும் என்பதைக் கேபிள் நிறுவனமும் தீர்மானிக்கின்றன. டிஷ் வைத்தால் தெரிவு நம்முடையது. ஆனால் அதைப் பூட்டும் சுவர் நம்முடையதல்ல.

இந்தச் சுவர்ப் பிணக்கு 1994 பெப்ரவரியில் சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. துருக்கியர் ஒருவர் டிஷ் வைக்கக் கேட்டார். வீட்டில் கேபிள் இருக்கிறதே என்று மறுத்தார்கள். தாய்நாட்டு நிகழ்வுகளை அறியவும் அதன் மொழியோடும் பண்பாட்டோடும் தொடர்பைப் பேணவும் விரும்பும் வெளிநாட்டவருக்கு அந்தப் பதில் போதாது என்றது நீதிமன்றம். அடிப்படைச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலுள்ள தகவல் பெறும் சுதந்திரமே இதற்கு ஆதாரம். வீட்டுக்காரரின் சொத்துரிமையும் கூடவே எடைபோடப்படும்: எங்கே பூட்டுவது என்பதை அவர் சொல்லலாம், செலவு நம்முடையது.

கேபிளுக்கும் டிகோடர் பெட்டி வந்தபின் இந்த உரிமை சுருங்கியது. மேலதிகக் கட்டணத்துக்கு ஐந்து ரஷ்ய அலைவரிசைகள் கேபிளில் கிடைத்த ஒருவர் டிஷ் கேட்க முடியாது என்று 2005இல் சமஷ்டி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தர்க்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்தும் ஒரே அரசின் குரலாயிருந்தால் எண்ணிக்கையால் என்ன பயன்? அத்தோடு, தீர்ப்புகள் பேசும் 'தாய்நாட்டு நிகழ்ச்சி' நமக்கு எது? கொழும்பின் ரூபவாகினியா? நாடற்ற மொழிகளின் அலைவரிசைகள் வேறு தலைநகரங்களிலிருந்தே வருகின்றன. குர்திஷ் மெட் ரிவி பிரித்தானிய உரிமத்தில் இயங்கியது. 1999இல் அந்த உரிமம் பறிக்கப்பட்டதும் டிஷ் வைத்திருந்தவர்களுக்கும் திரை இருண்டது.

சுவீடனில் டிஷ்ஷை அகற்ற மறுத்த ஈராக்கியக் குடும்பமொன்று வீட்டையே இழந்தது. அது அவர்களது கருத்துச் சுதந்திர உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 டிசம்பரில் கூறியது.

வழக்குக்கு முன் திசையைப் பாருங்கள். இச்செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில் நிற்பதால் இங்கிருந்து டிஷ் தெற்கே பார்க்க வேண்டும். வடக்குப் பார்த்த பல்கனியில் எந்தத் தீர்ப்பும் உதவாது. ஜேர்மன் அலைவரிசைகள் அஸ்ராவிலும் (கிழக்கு 19.2 பாகை) பிறமொழிகள் பல ஹொட்பேட்டிலும் (13 பாகை) இருப்பதால், ஒரே டிஷ்ஷில் இரண்டு தலைகள் பூட்டி இரண்டையும் பெறலாம். தெற்கு திறந்திருந்தால் நான் டிஷ்ஷையே சொல்வேன்.

கேபிள் கட்டணத்தை வீட்டுக்காரர்கள் துணைச் செலவில் சேர்த்து அறவிட்ட காலத்தில், டிஷ் வைத்திருந்த நானும் கேபிளுக்குக் கட்டினேன். 2024 யூலை 1 முதல் அப்படிச் சேர்க்க முடியாது. அதற்குப் பிந்திய மாதங்களுக்கும் உங்கள் கணக்கில் அந்த வரி இருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். டிஷ் கேட்கும்போது, இணையம் இருக்கிறதே என்ற பதிலுக்கும் தயாராயிருங்கள்.