ஊதா ஏன் சேறாகிறது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், குடித்துக்கொண்டே பேசுவோம். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் வண்ணப் பெட்டியிலிருக்கும் வெர்மிலியனையும் பிரஷ்யன் ப்ளூவையும் கலந்து பாருங்கள், ஊதா வராது. பழுப்பும் கருப்புமாகச் சேறு மாதிரி ஒன்று வரும். தன் கைதான் சரியில்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். கையில் ஒரு குறையும் இல்லை. பாடத்தில்தான் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

நிறமி என்பது, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பொடி. அந்த மிச்சம்தான் நம் கண்ணுக்கு நிறம். இரண்டு நிறமிகளைக் கலந்தால் இரண்டுமே விழுங்கும். இரண்டும் விட்டுவைப்பது எதுவோ, அதுதான் தெரியும். மஞ்சள் நீல ஒளியை விழுங்குகிறது, நீலம் சிவப்பை விழுங்குகிறது, பச்சையை இரண்டும் ஓரளவு விட்டுவைக்கின்றன. அதனால்தான் பச்சை வருகிறது.

இப்போது ஊதாவுக்கு வருவோம். வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. நீல ஒளியை அது அனேகமாக மிச்சம் வைப்பதில்லை. பிரஷ்யன் ப்ளூ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். சிவப்பை அது விடுவதில்லை. பிறகு ஊதாவுக்கு என்ன மிஞ்சும்? வெர்மிலியனுக்குப் பதில் கிரிம்சன், பிரஷ்யன் ப்ளூவுக்குப் பதில் அல்ட்ராமரைன் எடுங்கள். கிரிம்சனில் கொஞ்சம் நீலச் சாயல் உண்டு, அல்ட்ராமரைனில் கொஞ்சம் சிவப்புச் சாயல் உண்டு. தெளிந்த ஊதா வரும்.

ஆகவே மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று நிறம் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வேண்டும்: லெமன் எல்லோவும் ஆரஞ்சு சாய்ந்த ஒரு மஞ்சளும், வெர்மிலியனும் கிரிம்சனும், பிரஷ்யன் ப்ளூவும் அல்ட்ராமரைனும். நாற்றங்காலின் இளம்பச்சை வேண்டுமா? லெமன் எல்லோவும் பிரஷ்யன் ப்ளூவும். முற்றிய மாவிலையா? அல்ட்ராமரைனும் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சளும். இந்த இரண்டு நீலங்களின் கதையும் அழகானது. அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைக் கல்லை அரைத்துச் செய்த, விலை மிகுந்த நீலம். 1820களில்தான் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்ய வழி கிடைத்தது. பிரஷ்யன் ப்ளூவோ 1706 வாக்கில் பெர்லினில், சிவப்புச் சாயம் காய்ச்சப் போய்த் தற்செயலாகக் கிடைத்தது.

கலக்கும்போது எப்போதும் வெளிர்நிறத்தை முதலில் வையுங்கள். அடர்நிறத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். குழம்புக்கு உப்பு போடுவது போலத்தான். கூடிவிட்டால் எடுக்க முடியாது. அதிலும் பிரஷ்யன் ப்ளூ ஒரு துளியிலேயே தட்டை முழுவதும் பிடித்துக்கொள்ளும்.

நிழலுக்குக் கருப்பைத் தொடாதீர்கள். மஞ்சளில் கருப்பைச் சேர்த்தால் நிழல் கிடைக்காது, அழுக்குப் பச்சைதான் கிடைக்கும். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறமோ ஒரு துளி ஊதாவோ சேருங்கள். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல், மழை மேகத்துக்கு அவ்வளவு பொருத்தம். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். கடையில் விற்கும் எந்தச் சாம்பல் ட்யூபும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று: வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் சற்று அடரும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாமல், துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்.

முன்பு சொன்ன மஞ்சள், சிவப்பு, நீல ட்யூப்கள் ஆறையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 கலவைகள். ஒரே தாளில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் பூசி, ஒவ்வொன்றின் கீழும் எதையும் எதையும் கலந்தது என்று எழுதி, வரையும் மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். பிள்ளை பச்சை ட்யூப் கேட்டால், வாங்கித் தருவதற்கு முன் இந்தத் தாளைப் போடச் சொல்லுங்கள்.