பழ ஈ சொல்லும் சிறுநீரகச் செய்தி

கனிந்த பூவன் சீப்பைச் சுற்றிச் செந்நிறக் கண்களுடைய சின்னஞ்சிறு ஈக்கள் பறப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கொங்கு உழவர்கள் மாந்தோப்பிலும் பாகல் பந்தலிலும் பொறி வைத்துப் பிடிக்கும் பழ ஈ இதுவன்று. அது உருவில் பெரியது. இச்சிறிய ஈயை அறிவியலார் டுரோசோபிலா என்பர். நூறாண்டுக்கும் மேலாக மரபியல் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் இவ்வுயிர், இன்று சிறுநீரக நோய் ஆய்விலும் துணைநிற்கிறது.

ஈக்கு ஏது சிறுநீரகம்? நம்முடையதைப் போன்ற உறுப்பு அதற்கு இல்லைதான். எனினும் அதன் இதயக் குழாயை ஒட்டி நெஃப்ரோசைட் என்னும் செல்கள் அமைந்து, உடல்நீரை வடிகட்டிக் கழிவை உறிஞ்சிக்கொள்கின்றன. நம் சிறுநீரகத்தில் போடோசைட் என்னும் செல்களுக்கு இடையே நுண்ணிய சல்லடை ஒன்று உண்டு. இரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் ஒழுகாமல் காப்பது அதுவே. அச்சல்லடையின் முக்கியக் கூறான நெஃப்ரின் என்னும் புரதம் 1998இல் கண்டறியப்பட்டது. அதற்கு ஒப்பான புரதத்தால் ஆன சல்லடை ஈயின் செல்களிலும் இருப்பதை 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும் நெஃப்ரோடிக் நோய் கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் ஸ்டீராய்டு மருந்தினால் தேறிவிடுகின்றனர். சிலருக்கு அது பலனளிப்பதில்லை. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்த பெற்றோர், பத்தியத்தில் பிழை செய்துவிட்டோமோ என்று மனம் வருந்துவதுண்டு. அக்குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்குப் பழுது மரபணுவில் உள்ளது. பெற்றோரின் கவனிப்பில் அன்று.

அத்தகைய மரபணுக்களுள் ஒன்று சிஓகியூ2. அமெரிக்காவில் ஷெ ஹான் என்பவரின் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் ஈயின் நெஃப்ரோசைட்டில் இம்மரபணுவைச் செயலிழக்கச் செய்தனர். வடிகட்டும் செல்கள் கெட்டன. மனிதரின் பழுதற்ற மரபணுவைச் சேர்த்தபோது அவை சீரடைந்தன. நோயாளியிடம் கண்ட பழுதுள்ள மரபணுவால் அவ்வாறு சீராக்க இயலவில்லை. பின்னர் உணவில் கோஎன்சைம் க்யூ10 கலந்து கொடுத்தனர், ஈக்கள் தேறின. முட்டை ஈயாக வளர ஏறத்தாழ பத்து நாள்களே ஆவதால், இத்தகைய சோதனைகளை விரைவில் செய்து பார்க்க முடிகிறது.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் க்யூ10 வாங்கிவிட வேண்டா. அது அம்மரபணு வழியில் பழுதுள்ள மிகச் சிலருக்கே உரியது. ஸ்டீராய்டையும் தாமாக நிறுத்தலாகாது. ஈயின் உடலில் நம்மைப் போன்ற இரத்தக் குழாய் அமைப்பும் இல்லை. எனவே சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்துக்கு இழைக்கும் கேட்டை முழுமையாக அதனிடம் காண இயலாது.

மருந்து பலனளிக்காத குழந்தைக்கு மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று உறவில் மணம் செய்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். இந்நோய்களுள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போதே தோன்றுகின்றன.